சங்கிலியும் மனச்சான்றும்

உடலில் நோயுற்றவர் தம் வலியைத் தாமே எடுத்துரைக்கிறார், கேட்பவரும் நம்புகிறார். கால் முறிந்த ஒருவர் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினால், அவர் பொய் சொல்லுகிறார் என்று எவரும் ஐயுறுவதில்லை. உள்ளத்தில் நோயுற்றவரின் நிலை வேறு. தம்மை அடித்தார்கள் என்று அவர் சொன்னாலும், கொடுக்கும் மருந்து வேண்டாம் என்று மறுத்தாலும், தம் பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று முறையிட்டாலும், அது நோயின் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவரைக் குணப்படுத்த வருபவரோ, பெற்ற தாய்க்கும் கட்டிய கணவனுக்கும் திறவாத உள்ளத்தின் அறைக்குள் நுழைகிறவர். ஒருபுறம் நம்பப்படாத சொல். மறுபுறம் கேள்வி கேட்பாரற்ற அதிகாரம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் தவறு நேர்ந்தால், அதை வெளியே கொண்டுவர ஆளில்லை.

இன்று மனநல மருத்துவர்களும், உளவியலாளர்களும், செவிலியரும், சமூகப் பணியாளரும் பயிற்சி பெறும் நிறுவனங்களில் அறநெறி ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. நோயாளியின் இசைவைப் பெறுதல், இரகசியம் காத்தல், உறவின் எல்லையை மீறாதிருத்தல், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு வல்லவரிடம் அனுப்புதல் என்பன அப்பாடத்தின் தலைப்புகள். படிப்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இவ்விதிகள் ஒரு மேசையில் அமர்ந்து அமைதியாக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும், தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல இயலாத மனிதர்கள் பட்ட துன்பத்திற்குப் பின்னரே எழுதப்பட்டது. அந்த வரலாற்றை அறியாமல் அப்பாடத்தைக் கற்பதும் கற்பிப்பதும் பயனற்றவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய வேர்கள்

மனிதன் தன் உள்ளத்தைப் பிறர் ஒருவரிடம் திறந்து காட்டும் வழக்கத்திற்கு ஒழுங்குமுறை வகுத்தவற்றுள் திருச்சபையும் ஒன்று. 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்று இறைமக்களைப் பணித்த அதே விதியில், கேட்கும் குருவுக்கும் இரு கடமைகளை விதித்தது. தேர்ந்த மருத்துவர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்ப்பதுபோல், அவர் விவேகத்தோடு விசாரித்து மருந்திட வேண்டும். கேட்டதை எந்தச் சொல்லாலும் சைகையாலும் வெளியிடலாகாது. வெளியிட்டால் குருத்துவப் பணியிலிருந்து நீக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் கடுமையான துறவு மடத்தில் தவம் செய்ய வேண்டும். பிறர் உள்ளத்தைக் கேட்பவருக்குத் திறமையும் வேண்டும், வாய்ப்பூட்டும் வேண்டும் என்பதை அன்றே ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

ஆயினும், பாவியின் இரகசியத்தைக் காத்த அதே உலகம் பித்துற்றவரைத் தெருவில் கல்லால் அடித்தது. 1409ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில், மறையுரையாற்றப் பேராலயத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜோஃப்ரே என்னும் துறவி, மனநோயாளி ஒருவரை இளைஞர்கள் கேலி செய்து அடிப்பதைக் கண்டார். அடிமைகளை மீட்பதற்கென்றே ஏற்பட்ட இரக்க அன்னை சபையைச் சேர்ந்தவர் அவர். அன்றைய மறையுரையில் அவர் இத்தகையோருக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று வேண்டினார். அதைக் கேட்ட நகரத்து வணிகர்கள் பொருள் தந்தார்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகில் மனநோயாளருக்கென்றே எழுந்த முதல் மருத்துவமனைகளுள் ஒன்று இவ்வாறு தோன்றியது. முன்வந்து பொருள் தந்தவர்கள் பொதுநிலையினர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் இல்லம் எழுந்தால் மட்டும் இரக்கம் வந்துவிடுவதில்லை. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிரனாடா நகரத்து அரச மருத்துவமனையில் பித்தர் என்று அடைக்கப்பட்ட ஒருவருக்குச் சாட்டையடியே சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டது. வெளியே வந்த அவர், நோயாளரைத் தாம் விரும்பியவாறு நடத்த ஒரு மருத்துவமனை அமைத்தார். அவரையே இன்று நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலரான இறை யோவான் என்று வணங்குகிறோம். பாரிசின் பிசேத்ர மருத்துவமனையில் இரும்புச் சங்கிலிகளை அகற்றிய பெருமையை வரலாறு பினேல் என்னும் மருத்துவருக்கு நெடுங்காலம் கொடுத்துவந்தது. உண்மையில் 1797ஆம் ஆண்டு அங்கே அவற்றை அகற்றியவர் பூசேன் என்னும் மேற்பார்வையாளர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, அதே மருத்துவமனையில் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நோயாளியின் இடத்தில் ஒருமுறை இருந்தவர்களே மற்றவர்களுக்கு அறநெறி கற்பித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

கற்றவர்கள் செய்த கொலை

மனநலத் துறையின் வரலாற்றில் மிக இருண்ட அத்தியாயம், மருத்துவக் கல்வி மிக உயர்ந்திருந்த ஒரு நாட்டில் எழுதப்பட்டது. ஜெர்மனியில் 1931ஆம் ஆண்டிலேயே, புதிய சிகிச்சைகளையும் ஆய்வுகளையும் மனிதர்மீது செய்துபார்க்குமுன் அவர்களுடைய இசைவைப் பெற வேண்டும் என்று அரசு நெறிமுறை வகுத்திருந்தது. அத்தகைய நெறிமுறைகள் அக்காலத்தில் பல நாடுகளில் இல்லை. ஆயினும் 1940, 1941ஆம் ஆண்டுகளில் மனநோயாளரும் மனவளர்ச்சி குன்றியோருமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்டு ஆட்சியால் நச்சுப்புகையிட்டுக் கொல்லப்பட்டனர். யார் சாக வேண்டும் என்று குறித்தவர்கள் மனநல மருத்துவர்கள். அவர்களுள் பேராசிரியர்களும் இருந்தார்கள். நோயாளியின் முகத்தையும் பாராமல், அனுப்பப்பட்ட படிவத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி இட்டார்கள். அந்தக் குறிக்கு மரணம் என்று பொருள்.

இன்னொரு செய்தி நம்மை மேலும் திடுக்கிடச் செய்கிறது. 1939ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய மருத்துவ மாணவர்கள் அனைவருக்கும் மருத்துவரின் சட்டமும் கடமையும் பற்றிய ஒரு பாடம் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அதாவது, அறநெறிப் பயிற்சி அங்கே இருந்தது! ஆனால் மருத்துவரின் முதற்கடமை எதிரே இருக்கும் நோயாளிக்கன்று, இனத்தின் நலத்துக்கே என்று அவ்வகுப்பு கற்பித்தது. பாடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். யாருடைய பக்கம் நின்று அப்பாடம் கற்பிக்கப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், மியூன்ஸ்டர் மறைமாவட்ட ஆயர் வான் காலன் மறையுரை மேடையிலிருந்து இக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பயனற்றவன் என்று ஒருவனைக் கொல்லலாம் என்றால், நாளை முதுமையடைந்த நம்முள் யார் உயிரோடிருப்பார் என்ற கருத்தை மக்கள்முன் வைத்தார். அவ்வுரை கையெழுத்துப் படிகளாக நாடெங்கும் பரவியது. அம்மாத இறுதியில் நச்சுப்புகைக் கொலைத் திட்டம் நிறுத்தப்பட்டது; ஆனால் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் மறைவாகத் தொடர்ந்தன. இதற்காக ஜெர்மானிய மனநல மருத்துவர் சங்கம் 2010ஆம் ஆண்டுதான் முறையாக மன்னிப்புக் கேட்டது. எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

போர் முடிந்தபின் மருத்துவர்கள்மீது நடந்த வழக்கின் முடிவில், 1947ஆம் ஆண்டு நியூரம்பர்க் நெறிகள் பிறந்தன. மனநலத் துறைக்கென்றே உலகளாவிய முதல் அறநெறி அறிக்கை அதற்கும் 30 ஆண்டுகள் கழித்து, 1977இல் ஹவாய்த் தீவில் கூடிய உலக மனநல மருத்துவர் கழகத்தால் ஏற்கப்பட்டது. அப்போதும் ஒரு கொடுமையே அதற்குக் காரணமாயிற்று: சோவியத் நாட்டில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு மனநோய் என்று பட்டம் கட்டி மருத்துவமனைகளில் அடைத்துவந்தார்கள். நோயில்லாதவரை நோயாளி என்று சொல்லலாகாது என்பதையும் ஒரு விதியாக எழுத வேண்டிய காலம் வந்தது.

நம் நாட்டில்

தமிழகத்தில் இத்துறையின் வரலாறு 1794ஆம் ஆண்டு சென்னையில் வாலண்டைன் கானலி என்னும் கம்பெனி மருத்துவர் தொடங்கிய இல்லத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்தில் மருத்துவமனை 1871இல் அமைந்தது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சுச் சொல்லாக்கிவிட்ட நம் நாவின் இரக்கமின்மையை என்னவென்று சொல்வது! 1912ஆம் ஆண்டுப் பித்தர் சட்டம் நோயாளியை எவ்வாறு அடைத்துவைப்பது என்பதிலேயே கருத்தாயிருந்தது. எவ்வாறு நடத்துவது என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை.

சட்டம் செய்யாததைச் சில மனிதர்கள் செய்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957ஆம் ஆண்டு பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தார் உடனிருப்பதையே முறையாக்கிக்கொண்டது. உறவினர் ஒருவர் அருகிருந்தால் அடிப்பதற்குக் கை ஓங்காது. கட்டுவதற்குக் கயிறு வராது. விதிப்புத்தகம் எதுவும் சொல்லாத காலத்தில் அவ்வேற்பாடே ஓர் அறநெறியாக விளங்கியது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், நோயாளிகளின் மறுவாழ்வைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, 1984இல் மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனம் தோன்றக் காரணமானார். 1989ஆம் ஆண்டு இந்திய மனநல மருத்துவர் சங்கம் தனக்கென அறநெறி விதிகளை ஏற்றது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 1987இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது.

விதியும் சட்டமும் வந்துவிட்டன. இனி அச்சமில்லை என்று எண்ணியிருந்தோம்.

ஏர்வாடி

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் ஒருவர் நடத்திய மனநோயாளர் காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கால்கள் இருந்தன, ஓட முடியவில்லை. வாய் இருந்தது, மனநோயாளரின் கூச்சல் அக்கம்பக்கத்தாருக்குப் பழகிப்போன ஒன்றாயிருந்திருக்கும். 25 பேர் அவ்விடத்திலேயே கருகினர். இறந்தவர்கள் பின்னர் 28 ஆயினர். சட்டப்படி பெற வேண்டிய உரிமம் அக்காப்பகத்துக்கு இல்லை. சில நாள்களில் அங்கிருந்த இத்தகைய காப்பகங்கள் யாவும் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. காப்பக உரிமையாளரும் உறவினரும் 2007இல் தண்டனை பெற்றார்கள்.

இத்துயரை ஒரு சமயத்தாரின் குற்றமாக எண்ணுவது பெரும் தவறு. ஏர்வாடித் தர்காவை நாடிச் சென்றவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். நம் திருத்தலங்களும் கோயில்களும் இத்தகையோருக்குப் புகலிடமாயிருந்திருக்கின்றன. அவர்களைக் கொண்டுபோய் விட்ட பெற்றோர் வெறுப்பால் விடவில்லை. மருத்துவமனை தொலைவில் இருந்தது. மருந்துச் செலவுக்கு வழியில்லை. ஊராரின் ஏச்சு தாங்க முடியவில்லை. அருகே பயிற்சி பெற்ற ஒரு மனிதர் இல்லாதபோது ஏழைக் குடும்பம் வேறு எங்கே போகும்?

ஏர்வாடிக்கு மறு ஆண்டே, பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில், குடும்பத்தாரில் ஒருவருடன் இலவசமாகத் தங்கியிருந்த 31 மனநோயாளர்களை அவர்கள் கவனித்திருந்தார்கள். மருந்து எதுவும் தரப்படவில்லை. சிறு சிறு கோயில் வேலைகளில் அவர்கள் பங்கு கொண்டார்கள். சில வாரங்களில் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. மனிதனாக மதித்து நடத்துவதே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்று. ஒரே மாநிலத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஓரிடத்தில் சங்கிலி. மற்றோரிடத்தில் கைப்பிடித்து நடத்திய ஒருவர். வேறுபாடு கட்டடத்தில் இல்லை, நடத்தையிலேயே இருந்தது.

2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் அது தடுக்கிறது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாயிருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையையும், இரகசியம் காக்கப்படும் உரிமையையும் நோயாளிக்கு வழங்குகிறது. முதன்முதலாக, அவருடைய சொல்லுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

பயிற்சி என்பது யாது?

1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்கீழ், மருத்துவ உளவியலாளர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; பதிவின்றித் தொழில் செய்வது குற்றம். நம் பெரியநாயக்கன்பாளையத்தில், அவிநாசிலிங்கம் அவர்கள் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் வளாகத்தில் பயிற்சி பெறும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்கும் அதே மன்றத்தின் பதிவேடுதான். தன் வலியைச் சொல்ல இயலாத குழந்தையோடு பழகுகிறவருக்கும், சொன்னாலும் நம்பப்படாத நோயாளியோடு பழகுகிறவருக்கும் ஒரே பதிவேடு அமைந்தது மிகப் பொருத்தமே. 2019 முதல் மருத்துவ மாணவர்களுக்கும் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவை முதலாண்டிலிருந்தே பாடமாயின. 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஆற்றுப்படுத்துநர்களையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர வழிவகுத்தது.

ஆயினும், விதிகளை மனப்பாடம் செய்தவர் முன் வாழ்க்கை வைக்கும் வினாக்கள் வேறு. 1969இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இந்தியாவிலிருந்து சென்ற மாணவர் ஒருவர், ஓர் இளம்பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் சொன்னார். அவர் காவலருக்குத் தெரிவித்தார். காவலர் மாணவரை விசாரித்து விட்டுவிட்டனர். பெண்ணுக்கோ பெற்றோருக்கோ எவரும் சொல்லவில்லை. அப்பெண் கொல்லப்பட்டாள். பிறர் உயிருக்கு ஆபத்து என்னும்போது இரகசியத்தைவிட உயிர் பெரிது என்று அந்நாட்டு நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. நம் 2017ஆம் ஆண்டுச் சட்டமும், பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் செய்தியை வெளியிட இடம் தருகிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரைக்கு எவ்வித விலக்கும் இல்லை. ஆற்றுப்படுத்துநரின் இரகசியத்துக்கு எல்லை உண்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் தீங்கு செய்யக்கூடும். இதைத் திருச்சபையும் வலியோடுதான் கற்றது. துறவியரும் குருக்களும் தங்கள் கவனத்துக்கு வரும் பாலியல் கொடுமைகளைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிக்கும் கடமையை 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்க வேண்டியிருந்தது.

நம் கொங்குச் சீமையின் வாழ்க்கைக்கு ஏற்ற வினாக்களும் பாடத்தில் வர வேண்டும். எந்த ஊர், எந்தக் கூட்டம், யார் வீடு என்று கேட்டு உறவு கண்டுபிடிக்காமல் நாம் பேச்சைத் தொடங்குவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஆற்றுப்படுத்துநர், தம்மிடம் அழுதுவிட்டுச் சென்ற பெண்ணை மறுவாரமே ஒரு திருமண வீட்டுப் பந்தியில் சந்திப்பார். அங்கே நலம் விசாரிக்கலாமா? ஆலை நிர்வாகம் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆற்றுப்படுத்துநர், விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம்பெண் சொன்னதை மேலாளரிடம் சொல்லலாமா? சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணின் உடல்நிலை, மனநிலை பற்றிப் பங்குத்தந்தையிடமும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் மெல்ல விசாரிப்பது நம் பகுதியில் வழக்கம். மாத்திரை சாப்பிடுகிற பெண்ணா என்ற ஒரு கேள்விக்கு, வாய் திறவாமல் தலையை அசைத்தாலே ஒரு வாழ்வு முறிந்துபோகும். சொல்ல வேண்டியது உண்டானால் அதைச் சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுடையது. சைகையாலும் வெளியிடாதே என்று இலாத்தரன் சங்கம் விதித்ததன் ஆழம் அங்கே விளங்கும்.

இவற்றுக்கு விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இல்லை. அமெரிக்க உளவியலார் கழகம் 1953இல் தன் முதல் அறநெறித் தொகுப்பை வெளியிடுமுன், தொழிலில் தாங்கள் எதிர்ப்பட்ட இக்கட்டுகளை எழுதியனுப்புமாறு உறுப்பினர்களைக் கேட்டது. வந்து குவிந்த நிகழ்ச்சிகளிலிருந்தே விதிகளை வகுத்தது. பயிற்சியும் அவ்வழியே நடக்க வேண்டும். மூத்தவர் ஒருவரிடம் தம் தடுமாற்றங்களை மறைக்காமல் சொல்லித் திருத்தம் பெறும் வழக்கம், பட்டம் பெற்றபின்னும் தொடர வேண்டும். நோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் வகுப்பறைக்கு வந்து பேச வேண்டும். கிரனாடாவும் பிசேத்ரவும் அளிக்கும் பாடம் இதுவே.

அன்பு வாசகர்களே, பங்குகளில் ஆற்றுப்படுத்தும் பணி பெருகி வருகிறது. நல்ல மனம் இருந்தால் போதும் என்று அப்பணியில் இறங்குவோர் உண்டு. நல்ல மனம் தொடக்கம். பயிற்சியும் பொறுப்புக்கூறலும் இல்லாவிடில் அதுவே இடறலாகிவிடும். உங்கள் வீட்டு நோயாளியை ஒருவரிடம் அழைத்துச் செல்லும்போது, நீங்கள் எங்கே படித்தீர்கள், எதில் பதிவு செய்திருக்கிறீர்கள், இவர் சொல்லுவதை யாரிடம் சொல்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நோயாளியிடமும் அவர் விருப்பத்தைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். பிரார்த்தனைக் கூடமாயினும், மருந்தையும் மருத்துவரையும் தடுக்கிற இடத்தில் அவரை விட்டுவராதீர்கள்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த ஒரு மனிதரைக் காண்கிறோம். ஊரார் அவரைப் பலமுறை சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள். இயேசு அவரோடு பேசினார். தெளிவடைந்த அவர் ஆடை அணிந்து அமர்ந்திருந்ததைக் கண்டு ஊரார் மகிழவில்லை, அஞ்சினார்கள். இயேசுவைப் பின்செல்ல அவர் விரும்பியபோது, வீட்டுக்கு, தம் உறவினரிடம் போகுமாறு ஆண்டவர் அவரை அனுப்பினார். வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு ஒருவரைக் குணப்படுத்துவது மருத்துவர் கற்க வேண்டிய அறநெறி. திரும்பி வருகிறவரை அஞ்சாமல் ஏற்றுக்கொள்வது வீட்டில் இருப்பவர்களாகிய நாம் கற்க வேண்டியது.